பம்புக்குள் ஒரு சவுரி

கழிவறைப் பம்பின் குழாயைக் கழற்றியதும் நாற்றம் முகத்தில் அறைந்தது. சிரஞ்சீவி மூக்கைத் தோளில் புதைத்துக்கொண்டு இரண்டு விரல்களை உள்ளே விட்டான். வழவழவென்று ஏதோ சுற்றிக்கொண்டது.

"இன்னாடா, ஆப்டுச்சா?" என்று கதவருகே நின்று கேட்டான் எத்திராஜ். படகின் சமையல்காரன், நாராயணவனத்துக்காரன். முன்னெச்சரிக்கையாக மூக்கின் இரண்டு துளைகளிலும் ஏலக்காயைத் திணித்துக்கொண்டிருந்தான்.

"பேச வெக்காத மாமா. வாயத் தொறந்தா உள்ள போவுது."

மாலத்தீவுக் கடலில் தீவு தீவாகச் சுற்றிக் காட்டும் பாய்மரப் படகு அது. அமெரிக்காவில் சம்பாதிக்கும் நம்மூர்க்காரர்களைக் குறிவைத்து, 'சுத்த சைவப் படகுப் பயணம்' என்று விளம்பரம் கொடுத்திருந்தார் கேப்டன் கௌஸ்துப். திருப்பதிக் கோவில் கைங்கர்யக் குடும்பத்துப் பிள்ளை. சிங்கப்பூருக்குக் கம்ப்யூட்டர் வேலைக்குப் போனவரைக் கடல் பித்து பிடித்துக்கொண்டது. வேலைக்கு மட்டும் ஊர்ப்பக்கத்து ஆட்களையே தேடுவார்.

"படகுல வேலை பாத்திருக்கியோ?" என்று போனில் அவர் கேட்டபோது, எஸ்.டி.டி. பூத்துக்குள் நின்று சிரஞ்சீவி கூசாமல் "ஓ" என்றான். பங்காருபாளையத்தில் அவன் பார்த்திருந்த பெரிய தண்ணீர், மாந்தோப்புக் கிணறு.

புளுகின் சாயம் முதல் நாளே வெளுத்தது. தப்பான கயிற்றை அவிழ்த்துவிட்டான். பாய்க்கட்டை சுழன்று வந்து சாம்பார் அண்டாவைக் கடலுக்குள் தள்ளியது. மறுநாள் காற்றை எதிர்த்து வாந்தி எடுத்தான். அது கேப்டனின் வெள்ளைச் சட்டையில் போய்ச் சேர்ந்தது. இன்று காலை கழிவறை அடைத்துக்கொண்டதும், வாந்தி துடைத்த துணியை அவன்தான் உள்ளே போட்டிருப்பான் என்று கேப்டன் தீர்மானித்துவிட்டார்.

"அடைச்சவன்தான் எடுக்கணும். நாளைக்கு மாலே போனதும் இறங்கிக்கோ. டிக்கெட் போட்டுத் தரேன், ஊரைப் பாத்துப் போய்ச் சேரு."

ஊர் என்றால் வீடு அல்ல. திருப்பதியில் அவன் வேலை பார்த்த முடி கோடவுன். மொட்டை அடித்த முடி மூட்டை மூட்டையாக வரும். அதைப் பிரித்து, பேன் தட்டி, நீளம் பார்த்துக் கட்ட வேண்டும். சட்டைக்குள் முடி, பாயில் முடி, காதுக்குள் முடி. ஒருநாள் சோற்றை விழுங்கியவன் தொண்டையிலிருந்து முழ நீளத்துக்கு ஒன்றை இழுத்தான். அன்றைக்கே கும்பிடு போட்டான். மறுபடி அங்கே போவதற்குப் பதில் இந்தக் கடலில் குதிக்கலாம்.

பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தான். வந்தது. வந்துகொண்டே இருந்தது. கறுப்பாக, நீளமாக, சொட்டச் சொட்ட...

முடி!

வாளியைக் கட்டிக்கொண்டு வாந்தி எடுத்தான். ஆனால் விரல்கள் மட்டும் பழைய வேலையை மறக்கவில்லை. ஒரு முனையில் தையல், அதில் குட்டி கிளிப்புகள் என்று தடவியே கண்டுபிடித்துவிட்டன.

"சவுரி, மாமா. நான் அடைக்கல."

எத்திராஜ் குரலைத் தாழ்த்தினான். "படகுல இருக்கறது ஒரே பொம்பளதான்டா. அந்தப் புதுப் பொண்ணு."

யமுனா. சித்தூர்க்காரி, நியூஜெர்சியில் வேலை. கணவன் கிரண்குமாரோடு தேனிலவுக்கு வந்தவள். காலையிலிருந்து தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டுதான் நடமாடுகிறாள்.

சிரஞ்சீவி வாளியோடு கேப்டன் முன்னால் போய் நின்றான்.

"ராமா! தூரக் கொண்டு போடா!"

"கேப்டன் சாமி, இது என்னுது இல்ல. கிளிப்பப் பாருங்க."

கேப்டன் எட்டிப் பார்த்தார். புரிந்துவிட்டது. காது மடல் சிவந்தது.

"கெஸ்ட்டப் போய் கேக்க முடியுமா? நீ அடைச்சதாவே இருக்கட்டும். அவாகிட்ட ஒரு ஸாரி சொல்லிடு."

"சொன்னா வேல இருக்குமா சாமி?"

"அது வேற விஷயம்."

வேற விஷயமாம்! வாளியை விட அந்த வார்த்தைதான் அதிகமாகக் குமட்டியது.

சிரஞ்சீவி சவுரியை வாளியிலிருந்து எடுத்தான். சோப்புப் போட்டுத் திரும்பத் திரும்ப அலசினான். சிக்கெடுத்தான். கோடவுனில் கட்டுவது போலவே நுனி பார்த்துச் சேர்த்தான். மேல்தளத்தில், விருந்தினரின் நீச்சல் உடுப்புகள் காயும் கொடியில், நட்ட நடுவே மாட்டிவிட்டான். காற்றில் அது ஜம்மென்று ஆடியது.

படியேறி வந்த யமுனா அப்படியே நின்றுவிட்டாள்.

"ஐயோ, அத எடுப்பா! கிரண் எழுந்து வந்துடுவாரு!"

"உங்களுதா மேடம்?"

"கழட்டிக் கையில வெச்சிக்கினு இருந்தேன். படகு ஆடிச்சு, உள்ள விழுந்துட்டது. பயத்துல பம்ப அடிச்சு உள்ள தள்ளிட்டேன். இதான் என் சொந்த முடின்னு அவர் நெனச்சிக்கினு இருக்காரு."

"என் கைய மோந்து பாருங்க மேடம்." கையை நீட்டினான். அவள் பின்வாங்கினாள். "நான் அடைச்சேன்னு நாளைக்கு என்ன எறக்கி வுடப் போறாங்க. கேப்டன்கிட்ட நெசத்தச் சொல்லுங்க, இத உங்க கையில குடுக்கறேன்."

கீழே அறைக் கதவு திறக்கும் சத்தம்.

"சொல்றேன்! சத்தியமா சொல்றேன், குடு!"

பறித்தவள், தலைத் துண்டுக்குள் திணிக்குமுன் மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். முகம் கோணியது. "நல்லாக் கழுவினியா?"

"சோப்பு போட்டேன் மேடம்."

சொன்னபடி செய்தாள். கொஞ்ச நேரத்தில் கேப்டனே தேடி வந்தார். "ஏன்டா, அவாளோடதுன்னு முன்னாடியே சொல்றதுக்கென்ன? சரி, இரு. வேலையைப் பாரு."

மதியச் சாப்பாட்டுக்கு யமுனா துண்டில்லாமல் வந்தாள். இடுப்பு வரை கூந்தல். கிரண்குமார் அதை அள்ளி முகத்தில் வைத்து மூச்சிழுத்தான்.

"யமுனா, உன் முடியில கடல் வாசன வருது!"

எத்திராஜ் கரண்டியைக் கீழே போட்டான். சிரஞ்சீவி அப்பளத் தட்டை வைத்துவிட்டுப் பின்பக்கம் ஓடினான்.

விருந்தினர் எழுந்த பிறகு இருவரும் படகின் பின்முனையில் உட்கார்ந்தார்கள். வேலை நிலைத்துவிட்டது, பசி கொன்றது. சிரஞ்சீவி ஒரு கவளம் வாயில் போட்டான். நாக்கில் ஏதோ தட்டுப்பட்டது. விரலை விட்டு இழுத்தான்.

நீளமாக வந்தது.

"இன்னாடா, துன்னலியா?"

"டேய் சிரஞ்சீவி! கயிறு!" என்று முன்னாலிருந்து கேப்டன் கத்தினார்.

"வந்துட்டேன் சாமி!"

தட்டைக் கடலில் கவிழ்த்தான். விரலை உதறினான். முடி விழவில்லை, ஈரத்தில் ஒட்டிக்கொண்டது. அதோடேயே ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்தான். இந்த முறை சரியான கயிறு.