முப்பது கெஜத்து மான்

லோர்னாவுக்கு மண்டை காய்ந்துவிட்டது. சனிக்கிழமை விஸ்கான்சினில் வில் வேட்டை தொடங்குகிறது. இன்று வியாழன். எந்த அம்பு என்று இன்னும் முடிவாகவில்லை.

ஹார்லனின் வில் கடை மேசையில் இரண்டு அம்புகள் கிடந்தன, ஒன்று லேசு, ஒன்று கனம். வித்தியாசம் ஒரு கரண்டிச் சர்க்கரை இருக்கும். அதற்குத்தான் இரண்டு ஆண்கள் ஒரு மணி நேரமாகத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"கனமானதை எடு லோர்னா. போன வருஷம் பட்டது போதாதா?" என்றான் அவள் தங்கை புருஷன் டுவெய்ன். "லேசு அம்பு, தோள் எலும்புல நாலு அங்குலத்தோட நின்னுபோச்சு."

"கனமானது ஆமை வேகத்துல போகும். நாண் சத்தம் கேட்டு மான் குனிஞ்சுடும்," என்றார் ஹார்லன்.

"உங்க கடைல லேசு அம்பு தேங்கிக் கிடக்குதாக்கும்!"

இரண்டு பேர் சொல்வதும் சரியாகப் பட்டது. அதுதான் கொடுமை. போன வருஷம் அவள் அடித்த பெண் மான் அம்போடு ஓடிப்போனது. சோளக்காட்டில் முழங்காலிட்டு இரண்டு நாள் ரத்தத் துளிகளைத் தேடினாள். ஓடைக்கரையில் துளிகள் நின்றுபோயின. அன்றிலிருந்து மான்கறி அவள் தொண்டையில் இறங்கவில்லை. அது அம்பின் குற்றம் என்று தெரிந்துவிட்டால் போதும், சனிக்கிழமை நிம்மதியாக வில்லோடு மரத்தில் ஏறி மானுக்குக் காத்திருப்பாள்.

ஹார்லன் அவளையே போன வருஷத்து லேசு அம்பில் ஒன்றை விடச் சொல்லி, வேகம் காட்டும் கருவியில் பார்த்தார். பென்சிலால் கணக்குப் போட்டார். அழித்துவிட்டு மறுபடி போட்டார்.

"இடிக்குதே. நெஞ்சுக்குக் குறி வச்ச, தோள்ல பட்டிருக்கு. மான் ஒரு சாண் குனிஞ்சிருக்கணும். முப்பது கெஜத்துல அதுக்கு நேரமே கிடையாது."

"வில்லுல குறி பாக்குற முள் ஆடியிருக்கும்," என்றான் டுவெய்ன்.

"நான்தான்யா பூட்டிக் கொடுத்தேன், எப்படி ஆடும்?"

இருவரும் விழித்தார்கள். லோர்னாவும் விழித்தாள். முப்பது, முப்பது என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள்! எட்டாத தூரத்தில் விட்டதை மறைக்க, இந்த ஊரில் பத்து கெஜம் குறைத்துச் சொல்லாத வேட்டைக்காரர் யார்? அவள் இருபது குறைத்திருந்தாள். சொல்லிச் சொல்லி அவளே நம்பிவிட்டாள். முப்பது கெஜத்துக்கு அடையாளமான அந்த வேலிக்கல்லும், அதற்கும் அப்பால் நின்ற மானும் இப்போதுதான் கண்முன் வந்தன.

"ஐம்பது," என்றாள்.

"எது ஐம்பது?"

"தூரம். ஐம்பது கெஜம். எட்டாதுன்னு தெரிஞ்சேதான் விட்டேன்."

டுவெய்ன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். ஹார்லன் பென்சிலைக் கீழே வைத்தார்.

"அம்போட தப்புன்னு யாராவது சொல்லிடுவீங்கன்னு பாத்தேன்," என்றாள் லோர்னா.

அவள் இரண்டு அம்புகளையும் வாங்காமல் ஹார்லன் பக்கம் தள்ளினாள். சனிக்கிழமை என்ன செய்யப்போகிறாள் என்று அவளிடம் யாரும் கேட்கவில்லை.