நீச்சல் தெரியாதவர்

கண்ணாடிப் பெட்டியின் ப்ளக் சுவரில் நிற்கவே மாட்டேனென்று அடம்பிடித்தது. அரை மணிக்கு ஒருமுறை கழன்றுகொள்ளும், பெட்டியின் மோட்டார் நின்றுபோகும், யாராவது ஒருவர் "கரண்ட் போச்சா?" என்று கேட்பார். அவள்தான் சுவரோரமாகத் தவழ்ந்து போய், மடித்த காகிதத்தைச் செருகி அழுத்திப் பிடிக்க வேண்டியிருந்தது. உள்ளே படுத்திருந்தவருக்கு உயிர் இருந்திருந்தால் இரண்டு நிமிடத்தில் சரிசெய்துவிட்டுப் போயிருப்பார். நகராட்சி நீச்சல் குளத்தில் பம்ப் ஆபரேட்டர். முப்பத்தோரு வருடம் மோட்டாரோடு குடித்தனம் நடத்தியவர். முந்தாநாள் காலை பம்ப் ரூமில் வால்வைத் திருகிக்கொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவ்வளவுதான். அவளுடைய அப்பா.

அவள் தரையில் இருந்தபடியேதான் பார்த்தாள், வாசலில் பெரிய மலர்வளையம் ஒன்று வந்து இறங்குவதை. கொண்டுவந்த ஆள் கையெழுத்துக் கேட்டான். வந்தவர்களைக் கவனித்தபடி வாசலில் நின்ற மாமா போட்டுக்கொடுத்தார். மாமா என்றால் அம்மாவின் அண்ணன், தொழில் நோட்டரி. ஊரில் சீல் மாமா என்றால்தான் தெரியும். அசலைக் கண்ணால் பார்க்காமல் நகலில் சீல் வைக்க மாட்டார். கூடப் பிறந்த தங்கை போய் நின்றபோதும் "ஒரிஜினல் எங்கம்மா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிய புண்ணியவான்.

மாமா கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, ரிப்பனில் இருந்ததைப் படித்தார். கடல் கடந்து அவள் படிக்கும் பல்கலைக்கழகத்தின் நீச்சல் அணி இங்கேயே ஒரு பூக்கடையில் சொல்லி அனுப்பியிருந்தது. ஆழ்ந்த இரங்கல் என்று இங்கிலீஷில் இருந்தது. அதன் கீழே தங்க எழுத்தில் இறந்தவரின் பெயர். அது மாமாவின் பெயர்தான். இனிஷியல்கூடத் தப்பில்லை.

தன் சாவுக்கு வந்த மலர்வளையத்தைத் தானே கையெழுத்துப் போட்டு வாங்கிய மனிதர் உலகத்தில் வேறு யாராவது இருப்பார்களா தெரியவில்லை. மாமா இரண்டாம் முறையும் நிதானமாகப் படித்தார். அப்புறம் தலையைத் திருப்பி நேராக அவளைப் பார்த்தார். பூமி பிளந்து உள்ளே வாங்கிக்கொள்ளக் கூடாதா என்றிருந்தது அவளுக்கு.

"என்னண்ணே போட்டிருக்கு?" என்று பெட்டியின் தலைமாட்டிலிருந்து அம்மா கேட்டாள். அம்மாவுக்கு இங்கிலீஷ் வராது.

"காலேஜ்ல எல்லாரும் வருத்தம் தெரிவிச்சிருக்காங்க. மாப்பிள்ளை பேரைத்தான் போட்டிருக்காங்க" என்றார் மாமா. ரிப்பனை உருவி நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அவர் பொய் சொல்லி அவள் கேட்டதே இல்லை. அதையும் அவளே சொல்ல வைத்துவிட்டாள்.

கதை நாலு வருடத்துக்கு முந்தையது. அவளுக்கு அப்போது பதினேழு வயது. குளத்துப் பையன்கள் வைத்த பட்டப்பெயர் மீன்குஞ்சு. பம்ப்காரர் மகளாயிற்றே, மீன் குஞ்சுக்கு நீந்தக் கற்றுத்தர வேண்டுமா என்பார்கள். கற்றுத்தந்தார், அதுதான் உண்மை. குளம் திறப்பதற்கு முன்னால் தினமும் விடியலில் அவளைத் தண்ணீரில் இறக்கிவிட்டு, கரையோடு கூடவே நடப்பார். அவளுக்கு மூச்சு வாங்கினால் அவரும் சட்டையைக் கழற்றிவிட்டுக் குதித்துப் பக்கத்துத் தடத்தில் வருவார். இருநூறு மீட்டர் பட்டர்ஃபிளையில் அவளுடைய நேரத்தை வீடியோவில் பார்த்த வெளிநாட்டு கோச் ஒருவர், ஸ்காலர்ஷிப் தருகிறோம், விண்ணப்பி என்று எழுதினார்.

நேரம் மட்டும் போதாதாம். பள்ளி மதிப்பெண் பாடம் பாடமாக வேண்டும். போட்டிகளில் பரிசுப் பணம் எதுவும் வாங்கியதில்லை என்று உறுதிமொழி வேண்டும். இங்கிலீஷ் பரீட்சை தேற வேண்டும். அதில்தான் அரைப் புள்ளி குறைந்துபோனது. சாண் ஏறினால் முழம் சறுக்குகிறதே என்று அவள் அழுதாள். கோச் ஒரு வழி சொன்னார். அட்மிஷன் கமிட்டிக்கு விதிவிலக்குக் கேட்டு மனு போடலாம். மனுவோடு உன் வாழ்க்கையில் நீ தாண்டி வந்த துயரம் ஒன்றை எழுதி அனுப்பு.

அவள் வீட்டில் கஷ்டம் இருந்தது, துயரம் இல்லை. அப்பா குடிக்க மாட்டார், அடிக்க மாட்டார். அம்மாவோடு சண்டை வந்தால் பம்ப் ரூமுக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வந்துவிடுவார். இதையெல்லாம் எழுதினால் எந்தக் கமிட்டி கண்ணீர் விடும்? ஒரு மத்தியானம் இன்டர்நெட் கடையில் உட்கார்ந்து அவள் அப்பாவைக் கொன்றாள். எனக்குப் பன்னிரண்டு வயதில் அப்பா நீரில் மூழ்கி இறந்தார், அவருக்கு நீச்சல் தெரியாது, அதனால்தான் நான் நீந்துகிறேன் என்று எழுதினாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவளுக்கே தோன்றியது, அன்றைக்கு நல்ல யோசனையாகவும் தோன்றியது.

கமிட்டி கரைந்துபோய் விதிவிலக்குக் கொடுத்தது. அப்படியானால் உன் கார்டியன் கையெழுத்துப் போடட்டும் என்று ஒரு ஃபாரத்தையும் அனுப்பியது. அப்பா இல்லை, அம்மாவுக்குப் படிப்பில்லை, மாமா ஒருவர்தான் இருக்கிறார் என்று கட்டுரையில் எழுதியிருந்தாள். நிஜ மாமாவிடம் இதைக் கொண்டுபோக முடியுமா? வாசலோடு துரத்தியிருப்பார். வேறு வழியில்லாமல் ஃபாரத்தையும் கட்டுரையையும் அப்பாவிடமே கொடுத்து, தலையைக் குனிந்துகொண்டு தமிழில் சொன்னாள்.

அப்பா கோபப்படவில்லை. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்றாங்க, ஒரு பொய் சொல்லி ஒரு படிப்பு படிச்சா குத்தமா என்று சிரித்தார். மாமா சீல் வைத்த பழைய நகல் ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சமையலறையில் உட்கார்ந்து, மச்சானின் கையெழுத்தைக் காகிதம் காகிதமாகப் போட்டுப் பழகினார். கடைசியில் ஃபாரத்தில் அச்சு அசலாக விழுந்தது. மை காயட்டும் என்று ஊதிக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல் ஒன்று மட்டும் சொன்னார்.

"செத்தது பரவால்ல. நீச்சல் தெரியாதவன்னு எழுதிட்டியேம்மா."

அதற்கப்புறம் அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. வீடியோ காலில் அவள் முகம் தெரிந்ததும், "மாமா பேசறேன்மா, பக்கத்துல யாராச்சும் இருக்காங்களா?" என்று ஆரம்பிப்பார். இருந்தால் அவர்களுக்குக் கை ஆட்டுவார். மை அங்கிள் என்று அவள் அறிமுகப்படுத்தும்போது தலையையும் ஆட்டுவார். கோச் ஒவ்வொரு சீசனும் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு அவள் கதையைச் சொல்லச் சொல்வார். அவளும் சொல்வாள். நன்றாகவே சொல்வாள். சொல்லும்போது கண்ணீர் தானாக வரும்.

இதையெல்லாம்கூட அறியாத வயது என்று தள்ளிவிடலாம். முந்தாநாள் நடந்ததை எந்தக் கணக்கில் தள்ளுவது? குளக்கரையில் ஈரத் தலையோடு அம்மாவின் போனைக் கேட்டுவிட்டு அவள் அப்படியே தரையில் சரிந்தபோது, யார், யார் என்று கோச் தோளைப் பிடித்து உலுக்கினார். அப்பா என்றுதான் நெஞ்சு கதறியது. வாய் மட்டும் பழக்கதோஷத்தில் மாமா என்றது.

மாமா இறந்தால் மூன்று நாள் விடுப்பு. பெற்றவர்களென்றால் பத்து நாள். அது பல்கலைக்கழகத்து விதி. திரும்பும்போது இறப்புச் சான்றிதழின் நகல் கொண்டுவர வேண்டும், அதுவும் விதி. நாளைக் காலை விமானம். "மூணு நாள்தானா? பெத்த அப்பனுக்கு மூணு நாள்தான் விட்டாங்களா?" என்று அம்மா வந்ததிலிருந்து நாலு தடவை கேட்டுவிட்டாள். போட்டி இருக்கும்மா என்று ஒவ்வொரு தடவையும் அவள் ஒரே பதிலைச் சொன்னாள். இப்படியும் ஒரு கல்நெஞ்சா என்று ஒரு அத்தை காதுபடவே முணுமுணுத்தார்.

மத்தியானம் மின்தகனக் கூடத்தில் எல்லாம் முடிந்தது. அலுவலக ஜன்னலுக்குள் இருந்தவர் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டே, இறந்தவரின் பெயர் என்றார். மாமா அப்பாவின் பெயரைச் சொன்னார். ஒவ்வொரு எழுத்தாக, அந்த ஆள் எழுதி முடிக்கும் வரை விரலால் ஜன்னல் கண்ணாடியைத் தொட்டுத் தொட்டுச் சரிபார்த்தார். சீட்டை வாங்கி அவளிடம் கொடுக்காமல் தன் பையிலேயே வைத்துக்கொண்டார். அந்தப் பையில்தான் ரிப்பனும் இருந்தது.

அம்மாவை வீட்டில் விட்டதும், "கொஞ்சம் ஆபீஸ் வரைக்கும் வா" என்றார்.

மாமாவின் ஆபீஸ் ஒரே அறை. ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, பழைய கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், மரப்பெட்டிக்குள் சீல். டைப் அடிக்க ஆள் வைத்தால் தப்பாக அடிப்பான் என்று தானே அடிக்கிறவர். தலை குளித்த ஈரம்கூடக் காயாமல் நாற்காலியில் உட்கார்ந்து, ரிப்பனைப் பிரித்து மேஜையில் நீவிவிட்டார்.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். கட்டுரையைச் சொன்னாள், ஃபாரத்தைச் சொன்னாள், சமையலறையில் அப்பா பழகின கையெழுத்தைச் சொன்னாள். கடைசியாக, முந்தாநாள் தன் வாயில் வந்த சொல்லையும், அதற்கு அவர்கள் கேட்கிற இறப்புச் சான்றிதழையும் சொன்னாள். மாமா திட்டுவார் என்று அவள் காத்திருந்தாள். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது.

"எத்தனை வருஷம் பாக்கி?"

"ஒரு வருஷம் மாமா."

"தெரிஞ்சா?"

"எடுத்துடுவாங்க. ஃபாரத்துல கீழேயே போட்டிருக்கு. பொய்யுன்னு தெரிஞ்சா அட்மிஷன் ரத்து, நீந்தின ரெக்கார்ட் எல்லாம் ரத்து."

மாமா தலையை ஆட்டினார். அந்த மாதிரி வரிகளுக்குக் கீழே ஆயிரக்கணக்கில் சீல் குத்தியவர். என்ன அர்த்தமென்று அவருக்கா தெரியாது? எழுந்து ஜன்னலைச் சாத்தினார். பிறகு மரப்பெட்டியைத் திறந்து சீலை எடுத்து மேஜைமேல் வைத்தார். மைப்பெட்டியையும் பக்கத்தில் வைத்தார்.

"அவங்களுக்கு என் பேர்ல ஒரு காகிதம் வேணும். இல்லையா?"

அவளுக்குப் புரியவில்லை.

"நான் செத்துட்டேன்னு நானே சீல் வெச்சுத் தரணும். சட்டத்துல அதுக்கு ஃபாரம் இல்ல, அடிச்சுக்கலாம்." சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. மேஜையில் கிடந்த ரிப்பனையே பார்த்துக்கொண்டிருந்தார். "மாப்பிள்ளை உனக்காக நாலு வருஷம் செத்துக் கெடந்திருக்காரு. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. நான் துரத்திடுவேன்னு நெனச்சிருப்பாரு. துரத்தித்தான் இருப்பேன்."

அவர் காகிதத்தைப் பிரிண்டரில் வைக்க இரண்டு முறை முயன்றும் கோணலாகவே போனது. முப்பது வருடத்தில் ஒரு பொய் நகலுக்குச் சீல் வைக்காத கை அது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு மனிதரைச் சாகடித்தது போதாதென்று இன்னொருவரைக் கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறோமே என்று உடம்பெல்லாம் கூசியது. நாலு வருடமாக அவள் வெட்கம் என்று நினைத்திருந்ததெல்லாம் மாட்டிக்கொள்வோமோ என்ற பயம்தான். இதுதான் வெட்கம்.

"வேணாம் மாமா" என்றாள்.

"யோசிச்சுச் சொல்லு. இந்த வயசுல எனக்குப் பேரு போனா என்ன? உனக்கு ஒரு வருஷம்தான்."

"வேணாம்."

சீலை அவளே எடுத்துப் பெட்டிக்குள் வைத்து மூடினாள். மாமா மறுக்கவில்லை. கம்ப்யூட்டர் பக்கம் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு, கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"அப்ப என்ன அடிக்கணும்? நீ சொல்லு. சொன்னதை அப்படியே அடிக்கறேன்."

யாருக்கு என்று கேட்டார். கோச்சுக்கு என்றாள். தேதியை அடித்தார், கோச்சின் பெயரை எழுத்துக்கூட்டி அடித்தார், வணக்கத்தை அடித்தார். வெளியே யாரோ கதவைத் தட்டி, சார் இருக்காரா என்று கேட்டுவிட்டுப் பதில் வராமல் போனார்கள்.

"ம்" என்றார் மாமா.

"எங்க அப்பா..." என்றாள். அதற்கு மேல் வரவில்லை.

மாமா அந்த இரண்டு வார்த்தைகளை இங்கிலீஷில் அடித்தார். விரல்களை எழுத்துகளின் மேலிருந்து எடுக்காமல், திரையைப் பார்த்தபடி காத்திருந்தார்.