பல் டாக்டரின் பாஸ் ஸ்பீக்கர்

அந்தக் கார் ஆடியோ கடையில் எல்லோரும் அவனை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிட்டார்கள். கடை முதலாளியான மாமனார் ஆரம்பித்து வைத்தது. கண்ணாடிக்குக் கறுப்புத் தாள் ஒட்டுகிறவர், சரக்கு வண்டிக்காரர், வாடிக்கையாளர்கள் என்று எல்லார் வாயிலும் அது ஒட்டிக்கொண்டது. கேட்க மரியாதையாகத்தான் இருக்கும். ஆனால் அவனுக்கென்று அங்கே இருந்தது பின்கட்டில் ஒரு மேஜையும் அதன்மேல் ஒரு விளக்கும்தான். முன்கடை முழுக்க மச்சானுடையது. மனைவியின் தம்பி, வாயைத் திறந்தால் சைக்கிளில் வந்தவனுக்கும் கார் ஸ்பீக்கர் விற்றுவிடுவான்.

அன்று காலை பல் டாக்டர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார். நாள் பூராவும் டிரில் சத்தத்தில் கிடக்கிற காதுக்கு அடித்தொனியில் அதிர்கிற பாஸ்தான் மருந்து என்று சொல்லிச் சிரித்தபடி போன மாதம் புது சப்-வூஃபர் வாங்கிப் போனவர். இப்போது வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கினால் அது ஊமையாகிவிடுகிறதாம். அடுத்த பள்ளத்தில் மறுபடி பேசுகிறதாம். மச்சான் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பொருள் தங்கம் சார், மாட்டினதில்தான் ஏதோ பிசகு என்று பின்கட்டைக் கை காட்டினான். சாயங்காலம் வருவதாகச் சொல்லி டாக்டர் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார்.

மாட்டியது மாப்பிள்ளைதான். ஸ்பீக்கர் ஏற்கெனவே மரப்பெட்டிக்குள் இறுக்கி மூடப்பட்டு வந்திருந்தது; அவன் டிக்கியில் வைத்து வயரை மட்டும் இணைத்தான். அதனால் முதலில் தன் வேலையைத்தான் சந்தேகப்பட்டான். ஒவ்வொரு வயரையும் இழுத்துப் பார்த்தான். எல்லாம் கல் மாதிரி இருந்தன. பெட்டியைக் கழற்றி மேஜைக்குக் கொண்டுவந்து மீட்டரை வைத்தான்.

நாலு ஓம் ஸ்பீக்கர் என்றால் உள்ளே இருக்கிற கம்பிச்சுருளில் மீட்டர் மூன்றரைக்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். சரியாகக் காட்டியது. பெட்டியைச் சற்றுத் தள்ளி வைத்து மறுபடி பார்த்தால் ஒன்பது. மேஜையை லேசாகத் தட்டினால் எண்ணே இல்லை. மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பார்த்தான். மீட்டரில் கோளாறு இல்லை. ஸ்பீக்கரின் கூம்பைக் கையால் அழுத்தினால் எண் தாறுமாறாக ஓடியது. அது சகஜம்தான், காந்தத்துக்குள் சுருள் அசைந்தால் அதுவே கொஞ்சம் மின்சாரம் உண்டாக்கும். அதனால் அழுத்திய கையை எடுக்காமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு எண் அடங்கும்வரை காத்திருந்தான். உள்ளே அழுத்திப் பிடித்தால் எண்ணே இல்லை. விட்டால் மூன்றரை. சுருள் கருகவில்லை. அதற்குப் போகிற கம்பி எங்கேயோ அறுந்து, அறுந்த முனைகள் இரண்டும் தொட்டும் தொடாமலும் நிற்கின்றன.

திருகாணிகளைக் கழற்றி ஸ்பீக்கரைத் தூக்கிக் கவிழ்த்தான். காந்தத்தின் முதுகில் பழைய லேபிளைச் சுரண்டிய தழும்பு இருந்தது. கூம்போடு சேர்ந்து ஆடுகிற பின்னல் கம்பியை யாரோ புதிதாகப் பற்றவைத்திருந்தார்கள். அழகான வேலை. ஒரே குறை, ஈயம் பின்னலுக்குள் கொஞ்சம் ஏறி, வளைய வேண்டிய கம்பியைக் குச்சியாக்கியிருந்தது. குச்சி முடிகிற இடத்தில் இழைகள் ஒடிந்திருந்தன. பற்றவைத்த இடத்தின்மேல், அசைந்து விட்டுப்போகாமல் இருக்க, அரக்கு நிறத்தில் ஒரு சொட்டு நகப்பூச்சு.

எந்தக் கம்பெனியிலும் நகப்பூச்சு பூசுவதில்லை. அவன் மனைவி பூசுவாள். எலக்ட்ரானிக்ஸ் படித்தவள், பெண்பிள்ளை கடையில் உட்கார வேண்டாம் என்று அப்பா சொன்னதால் கடைக்கு மேலே மாடி வீட்டில் சாப்பாட்டு மேஜையிலேயே சின்னச் சின்ன வேலை செய்து கொடுப்பாள். அவள் கை அவனுடையதைவிட நிதானம். அதைப் பெருமையாக அவன் பலரிடம் சொல்லியிருக்கிறான்.

மாடி ஏறினான். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். டாக்டர் பெட்டியைத் திறந்தேன் என்றதும் அவள் கை ஒரு கணம் நின்று, பிறகு மடிப்பைத் தொடர்ந்தது.

"தம்பிதான் கொண்டுவந்தான். பழசு, உயிர் கொடுன்னு கேட்டான். கொடுத்தேன்."

"புதுசுன்னு விக்கப் போறான்னு தெரியுமா?"

"பெட்டியில வச்சு மூடினதே இங்கதான்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீங்க விட்டிருப்பீங்களா? அப்பாதான் சொன்னார், அவர்கிட்ட சொல்லாதே, மூஞ்சியிலயே காட்டிருவார்னு."

அவள் சொன்ன விதத்தில் அது ஒரு பாராட்டு மாதிரிகூட இருந்தது. ஆனால் அவன் கண்முன் அந்தச் சாப்பாட்டு மேஜை வந்து நின்றது. அப்பா, மகள், மகன் மூன்று பேரும் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். தலைக்கு மேல் அவ்வளவு நடந்திருக்கிறது. அவன் கீழே வயர் முறுக்கிக்கொண்டிருந்திருக்கிறான்.

கீழே வந்து மாமனாரிடம் நேராகவே கேட்டான். அவர் மறுக்கவில்லை. சின்னப் பையன் ஆசைப்பட்டுச் செய்துவிட்டான், இனி நடக்காது, டாக்டருக்கு நிஜமாகவே புதுசு ஒன்று கொடுத்துவிடலாம் என்றார். பிறகு நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"கனெக்ஷன்ல தப்பு, அதுல ஸ்பீக்கர் போயிருச்சுன்னு நீங்களே சொல்லிருங்க மாப்பிள்ளை. பையன் பேரு கெட்டா கடை பேரு கெட்ட மாதிரி."

"அப்ப என் பேரு?"

மாமனார் சிரித்தார். "உங்களை யாரு பேரு சொல்லிக் கூப்பிடறாங்க?"

விளையாட்டாகத்தான் சொன்னார், முதுகில் தட்டிக்கூடக் கொடுத்தார். பக்கத்தில் விலைச்சீட்டு ஒட்டிக்கொண்டிருந்த மச்சான் உதட்டைக் கடித்துக்கொண்டான்.

சாயங்காலம் டாக்டர் வந்தார். உண்மையைச் சொல்லிவிடுவது என்று மாப்பிள்ளை மனதுக்குள் பத்துத் தடவை ஒத்திகை பார்த்திருந்தான். வாய் வரைக்கும் வந்தது. பழைய ஸ்பீக்கர் என்றால் அடுத்த கேள்வி, யார் சரி செய்தது என்பதுதான். அதற்குப் பதில் மாடியில் இருந்தது.

"என் தப்புதான் டாக்டர். வயரை மாத்தி மாட்டிட்டேன், அதுல ஸ்பீக்கர் போயிருச்சு. புதுசு வச்சிருக்கேன்."

டாக்டர் கோபப்படவில்லை. மனுஷன் கைதானே, எங்கள் தொழிலிலும் பல் மாறிப்போவது உண்டு என்றார். அவர் கத்தியிருந்தால் இவ்வளவு சுட்டிருக்காது. கிளம்பும்போது மச்சானைத் தனியே அழைத்து, இனிமேல் என் வண்டியை நீங்களே பார்த்துக்குங்க தம்பி என்று அவர் தணிந்த குரலில் சொன்னது பின்கட்டு வரை கேட்டது. நான் இருக்கேன் சார், கவலைப்படாதீங்க என்றான் மச்சான்.

மறுநாள் மதியம் சாப்பிட மாடிக்குப் போனான். மேஜையில் தட்டுக்குப் பக்கத்தில் அதே ஸ்பீக்கர் கவிழ்ந்து கிடந்தது. பற்றவைக்கிற இரும்பு சூடாகிக்கொண்டிருந்தது. யாருக்கு என்று அவன் கேட்கவில்லை; அவளும் சொல்லவில்லை. நேற்று நன்றாகச் சமாளித்தீர்களாம், அப்பா சொன்னார் என்றாள். பிறகு ஸ்பீக்கரைத் தன் பக்கம் திருப்பினாள்.

"எந்த இடத்துல விட்டுச்சு?"

அவன் தட்டைத் தள்ளி வைத்தான். எழுந்து போய்விடலாம். கதவு திறந்துதான் இருந்தது. ஆனால் கதவுக்கு வெளியே இருந்த படியும் கடைக்குத்தான் இறங்கியது.

"இங்க," என்று விரலை வைத்துக் காட்டினான். "ஈயம் மேல ஏறிருச்சு. கம்பியை இடுக்கியால பிடிச்சுக்கிட்டு பத்த வை. சூடு அதோட நின்னுரும்."

அவள் இடுக்கியைத் தேடினாள். அவன் எடுத்துக் கொடுத்தான்.