சாப்பிட்டியா

ஆஸ்பத்திரி மருந்தகத்தில் நான்கு ஜன்னல்கள். மூன்றாவதில் அவள் பதினெட்டு வருடமாக மாத்திரை கொடுக்கிறாள். மற்ற மூன்று வரிசைகளும் வேகமாக நகரும். அவளுடையது நகராது. சொன்னதைத் திருப்பிச் சொல்லாதவரை கவரை விடமாட்டாள். ஒரு முனை அவள் கையில் இருக்கும், மறுமுனை வாங்குபவர் கையில்.

"சொல்லுங்க."

"காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு."

"எப்ப?"

"சாப்பிட்டுட்டு."

"சாப்பிட்டுட்டு?"

"சாப்பிடணும்."

வரிசையில் யாராவது சிரிப்பார்கள். அவள் சிரிக்கமாட்டாள். கவரில் சா.பி. என்று எழுதி அடிக்கோடிடுவாள். சாப்பாட்டுக்குப் பின். அதன் பிறகுதான் விரலைத் தளர்த்துவாள். பக்கத்து ஜன்னல்காரர் அவளுக்கு டீச்சர் என்று பெயர் வைத்திருந்தார்.

தம்பியை மட்டும் அவள் திருப்பிச் சொல்ல வைத்ததில்லை. மாதம் ஒருமுறை வருவான். வரிசையில் நிற்கமாட்டான். பக்கவாட்டில் வந்து கண்ணாடியை இரண்டு தட்டுத் தட்டுவான். தயாராகக் கட்டிவைத்த பையை அவள் நீட்டுவாள். அவன் வயிற்றின் வலப்பக்கத்தைத் தொட்டு, "அக்கா சௌக்கியம்" என்று சொல்லிவிட்டுப் போவான்.

அவன் சொன்ன அக்கா அவளுடைய சிறுநீரகம். நான்கு வருடத்துக்கு முன் கொடுத்தது. அவனுடைய இரண்டும் முப்பத்தெட்டு வயதில் சுருங்கிவிட்டன. அவளுடையது பொருந்தியது. அவள் யோசிக்க நேரம் கேட்கவில்லை.

வீட்டில் அதற்கு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. தண்ணீர் குடிக்கும்போது, "அக்காவுக்குத் தாகமா இருக்கு" என்பான். வலப்பக்கம் திரும்பிப் படுக்கமாட்டான். அக்கா நசுங்கிவிடுவாளாம். தம்பி மனைவி முதல் வருடம் சிரித்தாள். பிறகு ஒருநாள் சொன்னாள், "எல்லார் வீட்லயும் நாத்தனார் பக்கத்து ரூம்ல இருப்பாங்க. எங்க வீட்ல கட்டில்லயே இருக்காங்க." அன்று எல்லோரும் சிரித்தார்கள்.

வேறொருவருடைய சதை என்று தெரிந்துவிட்டால் உடம்பு அதை அழித்துவிடும். தெரியாமல் இருக்கத்தான் மாத்திரை. காலை எட்டு, இரவு எட்டு, உயிர் உள்ளவரை. உடம்பின் எதிர்ப்பு சக்தியை அது அடக்கிவைக்கும். அவளுடைய போனில் தினமும் காலை எட்டு மணிக்கு அலாரம் அடிக்கும். உடனே தம்பிக்குப் போடுவாள்.

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்கா."

பத்து நொடிகூட ஆகாது. எந்த அக்காவும் தம்பியிடம் கேட்பதுதான். இவள் கேட்டது மாத்திரையை.

தம்பி செல்போன் பழுது பார்க்கிறவன். இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் தெருவில் நிற்கவேண்டிய கடை. மேசையில் ஒரு விளக்கு, ஒரு பூதக்கண்ணாடி, கடுகைவிடச் சிறிய திருகாணிகள். மாத்திரை ஆரம்பித்த இரண்டாவது மாதம் அவன் கை நடுங்கத் தொடங்கியது. இடுக்கியில் எடுத்த திருகாணி வழியிலேயே விழும். குனிந்து தேடுவான். பற்றவைக்கும்போது ஈயம் பக்கத்துப் புள்ளியில் ஒட்டும். ஒருவருடைய போன் அப்படிச் செத்தது. அந்த மனிதர் சத்தம் போடவில்லை. கையைப் பார்த்துவிட்டு, "காலைலயேவா?" என்று மட்டும் கேட்டார். தம்பி குடிப்பவன் இல்லை.

டாக்டரிடம் சொன்னான். அந்த மாத்திரைக்கு அப்படித்தான் இருக்கும் என்றார் டாக்டர். வெளியே அறுபது பேர் காத்திருந்தார்கள்.

நடுக்கத்தோடேயே மூன்று வருடம் ஓடிய பிறகு, தம்பி மனைவி ஒரு வகுப்புக்குப் போக ஆரம்பித்தாள். ஒரு மாடி அறை, பிளாஸ்டிக் நாற்காலிகள், வெள்ளைப் பலகை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு அம்மாள் உணவைப் பற்றிப் பேசினார். தம்பி மனைவி நோட்டுப் போட்டு எழுதினாள். வீட்டில் உப்பு குறைந்தது. எண்ணெய் குறைந்தது. சர்க்கரை டப்பா காலியானது, மறுபடி நிரம்பவில்லை. காலையில் கீரைச் சாறு, பதினோரு மணிக்குப் பழம், மாலையில் முளைகட்டிய பயறு. இருவரும் ஒரு மணி நேரம் நடந்தார்கள்.

பலன் இருந்தது. அதை மறுக்க முடியாது. நான்கு மாதத்தில் அவன் பதினோரு கிலோ இளைத்தான். மாத்திரையால் உப்பியிருந்த முகத்தில் பழைய தாடை தெரிந்தது. பிரஷர் இறங்கியது. பரிசோதனைத் தாளைப் பார்த்து டாக்டரே நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"என்ன பண்றீங்களோ, அதையே பண்ணுங்க."

அன்று மூவரும் சந்தோஷமாக வெளியே வந்தார்கள். டாக்டரின் வாக்கியத்தை ஆளுக்கு ஒரு விதமாக எடுத்துப் போனார்கள்.

அதற்கடுத்த மூன்று மாதமும் தம்பி தவறாமல் ஜன்னலுக்கு வந்தான். கண்ணாடியைத் தட்டினான். பையை வாங்கினான். காலை எட்டு மணிக்கு அவள் கேட்டாள். அவன் சொன்னான். ஒருநாள் அவளே கவனித்தாள்: தட்டிய விரல் ஆடவில்லை. உடம்பு பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். பதினெட்டு வருடம் மருந்து கொடுப்பவள்.

ஒரு செவ்வாய்க்கிழமை எட்டு மணிக்கு அவன், "சாப்பிட்டேன்கா" என்றபோது நடுவில் மூச்சு வாங்கியது.

"என்னடா, ஓடிட்டு வந்தியா?"

போன் தம்பி மனைவியின் கைக்கு மாறியது. "அண்ணி, ரெண்டு நாளா காலு வீங்கியிருக்கு. அமுக்கினா குழி விழுது. உப்பே சேர்க்கறதில்ல அண்ணி, எப்படி வீங்கும்?"

அன்று மதியம் டாக்டர் தாளை இரண்டு முறை படித்தார். பிறகு தம்பியைப் பார்த்தார்.

"மாத்திரைய எப்ப நிறுத்துனீங்க?"

"நிறுத்தல டாக்டர்" என்றாள் அக்கா. "தினமும் நான் கேட்கறேன். என் கையாலதான் குடுக்கறேன்."

டாக்டர் தாளை மேசையில் வைத்தார். தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணு மாசம்" என்றான் தம்பி.

ஐந்து நாள் ஊசி போட்டார்கள். பிறகு வேறு ஊசி. உடம்பு அவளுடைய சதையைக் கண்டுபிடித்துவிட்டது. அதை மறுபடி ஏமாற்ற முடியவில்லை; சிறுநீரகம் நின்றுபோனது.

வார்டுக்கு வெளியே, தண்ணீர் இயந்திரத்தின் பக்கத்தில் வைத்து அவள் தம்பி மனைவியைக் கேட்டாள்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"கொன்னுட்டியே."

"மெதுவா பேசுங்க அண்ணி."

"யாரு சொன்னா நிறுத்தச் சொல்லி? அந்த வகுப்புக்காரியா?"

"அவங்க நிறுத்துன்னு சொல்லல. நான்தான் மாத்திரை பேர எழுதிக் காட்டுனேன். பார்த்துட்டு, ஊரே எதிர்ப்பு சக்திய ஏத்தணும்னு அலையுது, இவரு அத இறக்கறதுக்கா மாத்திரை முழுங்கறாருன்னு கேட்டாங்க. காவல்காரனுக்கு தினமும் மயக்க மருந்து குடுத்துட்டு வீட்டத் திறந்து போட்டுட்டுத் தூங்கறீங்கன்னாங்க. அது பொய்யா?"

பொய் இல்லை. மருந்துப் பெட்டிக்குள் வரும் தாளிலும் ஏறக்குறைய அதுதான் அச்சிட்டிருந்தது.

"அந்தக் காவல்காரன் கண்ணுக்கு என் கிட்னிதான்டி திருடன்" என்றாள் அவள்.

"இத யாராவது இப்படிச் சொன்னீங்களா? டாக்டர் சொன்னாரா, நீங்க சொன்னீங்களா? நாலு வருஷமா சாப்பிட்டியா சாப்பிட்டியான்னு ஒரே கேள்வி. அவரு நல்லா இருக்காரான்னு ஒரு நாள் கேட்டிருக்கீங்களா? உங்க சாமான் பத்திரமா இருக்கான்னுதானே கேட்டீங்க?"

"கை நடுங்குதுன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

"சொன்னாரு. நான் பக்கத்துலதான் இருந்தேன். அதெல்லாம் அப்படித்தான் இருக்கும், வாய மூடிட்டு சாப்பிடுன்னீங்க."

அவளுக்கு ஞாபகம் வந்தது. அன்று ஜன்னலில் கூட்டம்.

தம்பி மனைவி ஒரு கோப்பையில் தண்ணீர் பிடித்தாள். பாதி குடித்தாள். மீதியை அவளிடம் நீட்டவில்லை, கொட்டவும் இல்லை.

"மூணு மாசம் கை நிக்குச்சு அண்ணி. ராத்திரி உட்கார்ந்து என் வாட்சைக்கூடத் திறந்து சரி பண்ணிக் குடுத்தாரு. சிரிச்சாரு. நான் எப்படி வேணாம்னு சொல்வேன்?"

கடை மேசையின் கீழ் இழுப்பறையில், பழைய பேட்டரிகளுக்கு அடியில், மூன்று பைகளும் இருந்தன. அவள் போட்ட முடிச்சே அவிழ்க்கப்படவில்லை. அவள் அவற்றை மருந்தகத்துக்கு எடுத்துப் போனாள். வெளியே போய் வந்த மாத்திரையை இன்னொருவருக்குக் கொடுக்கக்கூடாது. அழிக்கவேண்டிய மருந்துகளுக்கான சிவப்புத் தொட்டியில் அவளே போட்டாள்.

வாரத்தில் மூன்று நாள் ரத்தம் சுத்திகரிக்கவேண்டும் என்று முடிவானது. மறுபடி மாற்றுவதைப் பற்றிப் பிறகு பேசலாம் என்றார் டாக்டர். அக்காவிடம் இருப்பது ஒன்று. தம்பி மனைவியின் ரத்த வகை சேரவில்லை. அது நான்கு வருடத்துக்கு முன்பே தெரிந்த விஷயம்.

"பழச எடுத்துடுவீங்களா?" என்று அக்கா கேட்டாள்.

"தொந்தரவு பண்ணாத வரைக்கும் எடுக்கறதில்ல. அது பாட்டுக்கு உள்ள இருக்கும்."

உணவு ஆலோசகர் தம்பி மனைவியை உட்காரவைத்து ஒரு தாளைக் கொடுத்தார். சின்னப் பெண். பேனாவால் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே போனாள். வாழைப்பழம் கூடாது. ஆரஞ்சு கூடாது. எந்தச் சாறும் கூடாது. முளைகட்டிய பயறு கூடாது. கீரை கூடாது.

"காய்?"

"பொடியா நறுக்கி, நிறையத் தண்ணி ஊத்திக் கொதிக்க வைங்க. தண்ணியக் கொட்டிடுங்க. மறுபடி வேற தண்ணில வேக வைங்க. அதையும் கொட்டிடுங்க."

"சத்தெல்லாம் போயிடுமேம்மா."

"போகணும். அதுக்குத்தான். அந்தச் சத்து இப்ப அவர் ரத்தத்துல தங்கிடும். இதயம் நின்னுடும்."

தம்பி மனைவி தன் நோட்டைக் கொண்டுவந்திருந்தாள். வகுப்பில் எழுதிய அதே நோட்டு. புதிய பக்கத்தைத் திறந்தாள். "ரெண்டு தடவை கொட்டணும்" என்று எழுதிவிட்டு, எழுதியதை மறைத்து உட்கார்ந்துகொண்டாள்.

இரண்டு மாதத்துக்குப் பின் ஒரு காலை. தம்பிக்கு ஏழு மணி முறை. ஒரே நீள அறை, பன்னிரண்டு நாற்காலிகள், பன்னிரண்டு இயந்திரங்கள். இடது கையில் இரண்டு ஊசிகள், அந்தக் கையை அசைக்கக்கூடாது. பழைய மாத்திரைகளை ஒவ்வொன்றாகக் குறைத்து நிறுத்திவிட்டார்கள். காப்பாற்ற எதுவும் இல்லை.

வேலைக்குப் போகும் வழியில் அவள் வந்து உட்கார்ந்தாள். இருவரும் இயந்திரத்தில் ரத்தம் சுற்றுவதைப் பார்த்தார்கள்.

"உன் போன் என்னாச்சுக்கா? நேத்து அடிச்சேன், எடுக்கல."

"சார்ஜே ஏற மாட்டேங்குது. செத்துப் போச்சு."

"குடு."

அவள் நீட்டினாள். அவன் அடிப்பக்கத் துளையை விளக்கு வெளிச்சத்தில் பார்த்தான்.

"சாகல. அழுக்கு. ஊசி இருக்கா?"

அவள் சேலையிலிருந்து பின்னைக் கழற்றிக் கொடுத்தாள். அவனுக்கு ஒரு கைதான். அவள் போனைப் பிடித்துக்கொண்டாள். அவன் வலது கையால் பின்னைத் துளைக்குள் விட்டு, ஓரமாக, தகட்டைத் தொடாமல் அழுக்கைக் கிளறினான். பஞ்சு போல ஒரு துணுக்கு வந்தது. இன்னொன்று வந்தது.

"ஆட்டாதக்கா."

"நான் ஆட்டல."

"நீதான் ஆட்டற. என் கையப் பாரு."

பார்த்தாள். கல்லில் செய்தது போல நின்றது.

"நான் உன்கிட்ட பொய் சொல்லலக்கா" என்றான் அவன், துளையைப் பார்த்தபடியே. "சாப்பிட்டியான்னு கேட்ட. வேளாவேளைக்குச் சாப்பிட்டேன். அத்தனை நாளும் நல்லா சாப்பிட்டேன்."

"நான் எதக் கேட்டேன்னு உனக்குத் தெரியும்."

"தெரியும்."

பின்னை அவளிடம் திருப்பிக் கொடுத்தான். நர்ஸின் மேசையிலிருந்து ஒயரை வாங்கிச் சொருகினாள். சிறிது நேரம் கறுப்பாக இருந்த திரையில் வெளிச்சம் வந்தது. அதை அவன் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எட்டு மணி ஆனது. அவன் மடியிலேயே அலாரம் அடித்தது. பக்கத்து நாற்காலிக் கிழவர் கண் திறந்தார். திரையில், அவள் நான்கு வருடத்துக்கு முன் தட்டெழுதிய வார்த்தை: சாப்பிட்டியா.

அவன் அதை நிறுத்தினான்.

"இது இனிமே எதுக்கு? எடுத்துடவா?"

அவள் ஜன்னல் திறக்க அரைமணி நேரம் இருந்தது. எழுந்து பையை மாட்டிக்கொண்டாள். சேலையில் பின்னைக் குத்தப் பார்த்தாள். இரண்டு முறை தவறியது.

"எடு" என்றாள்.

அவன் எடுத்தான். விரல் ஆடவே இல்லை.