பதினான்காம் குழித்தட்டு

அக்கா வீட்டு வாசலில் காரை நிறுத்தும்போதே மாமா ஓடி வந்தார். கை முழுக்க மண்.

"வா டாக்டரம்மா. உன் முகத்துல முழிக்கவே கூச்சமா இருக்கு."

கூச்சப்பட வேண்டியவள் நான். அது அவருக்குத் தெரியாது.

ஏழு வருடம் பாடுபட்டு நான் உருவாக்கிய தக்காளி ரகம் அது. இலைச்சுருட்டை நோய் இதை அண்டாது என்று எங்கள் ஆய்வு நிலையம் அறிவித்தது. அறிக்கையில் கையெழுத்துப் போட்டவள் நான். முதல் விதையை அக்கா கணவரான இந்த மாமாவுக்குத்தான் கொடுத்தேன்.

இப்போது இரண்டு ஏக்கரும் முழங்கால் உயரத்தில் குறுகி நின்றது. இலைகள் சுருண்டிருந்தன. சுருண்ட இலைகளில் திட்டுத் திட்டாக மஞ்சள். பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிட்டது. சுருட்டையோடு தேமல் நோயும் சேர்ந்து வந்திருக்கிறது.

"மருந்தடிக்க நாலு நாள் தள்ளிப்போட்டுட்டேன்" என்றார் மாமா. "ரகம் தங்கம், நான்தான் சோம்பேறின்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

"சோம்பேறின்னு சொல்றதை மட்டும் நாள் தள்ளாம செஞ்சார்" என்றாள் அக்கா உள்ளேயிருந்து.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்பே இந்தச் செடியை நான் பார்த்துவிட்டேன். ஆய்வு நிலையக் கண்ணாடிக்கூடத்தில், நாற்று வளர்க்கும் பதினான்காம் குழித்தட்டில்.

ஒரு நேரத்தில் ஒரே வைரஸைக் கொடுத்துச் சோதிப்பதுதான் எங்கள் வழக்கம். மற்ற தட்டுகளில் சுருட்டை தோற்றது. பதினான்கில் மட்டும் செடிகள் இதே மாதிரி சுருண்டு மஞ்சளாகிச் செத்தன. காரணம், அங்கே தண்ணீர் ஊற்றுபவர். ஓயாமல் மூக்குப்பொடி போடுவார், பெயரே 'பொடி'தான். புகையிலையில் இருந்த தேமல் வைரஸ் அவர் விரல் வழியே நாற்றுக்குப் போயிருந்தது. தேமல் செடியின் காவலைக் கட்டிப்போட, அந்தச் சந்தில் சுருட்டை புகுந்துவிட்டது.

எங்களுக்கு அது சோதனை முடிவு அல்ல, வெளியிலிருந்து ஒட்டிய அழுக்கு. தட்டைப் பையில் கட்டி, கிருமி சாக ஆவியில் வேகவைத்தேன். நோட்டில் ஒரு வரிகூட எழுதவில்லை.

"ஏம்மா, வயல்ல மட்டும் வைரஸ் எல்லாம் ஒவ்வொண்ணா வரிசையில நின்னா வரும்?" என்று கேட்டார் பொடி.

"செய்யறதையும் செஞ்சுட்டு எனக்குப் பாடம் வேறயா?" என்று கத்தினேன். மறுநாளே அவரைக் கேட் காவலுக்கு மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்தேன்.

"இன்னிக்குச் சாயங்காலம் பன்னிரண்டு பேர் உன் ரகத்து நாத்து எடுக்க வர்றாங்க" என்றார் மாமா. நிழல்வலைக்குக் கீழே நாற்றுகள் பச்சைப் பசேலென்று இருந்தன. "கொஞ்சம் பயப்படறாங்க. மாமாதான் கெடுத்தாருன்னு உன் வாயால சொல்லிடு. நம்பி நட்டுடுவாங்க."

தலையாட்டினேன். அதற்கும் சேர்த்துத்தான் இன்று வெட்கப்படுகிறேன்.

வந்தார்கள். மாமா என்னைப் பெருமையாக முன்னால் தள்ளினார். ஒரு பெண் குழித்தட்டைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"அதைக் கீழ வைங்க" என்றேன். "நடாதீங்க. மாமா மேல தப்பில்ல. ரெண்டு நோயும் சேர்ந்து வந்தா இந்த ரகம் தாங்காது."

"இது இப்பத்தான் தெரிஞ்சுதா?" என்று கேட்டாள் அவள்.

"இல்ல. விதை கொடுக்கறதுக்கு முன்னாடியே தெரியும்."

தட்டைக் கீழே வைத்தாள். பன்னிரண்டு பேரும் வெறுங்கையோடு வரிசையாக வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்கள்.

எப்படித் தெரியும் என்று அக்கா கேட்டாள். பொடியையும் மறைக்காமல் முழுவதையும் சொன்னேன். மாமா குழாயடியில் முதுகைக் காட்டி வெகுநேரம் கை கழுவினார்.

"அந்தப் பொடிக்காரர் இன்னும் கேட்லதான் நிக்கிறாரா?"

"ஆமா மாமா."

"உன்னைப் பார்த்தா என்ன பண்ணுவார்?"

"தினமும் வணக்கம் வைப்பார்."

"நீ?"

"கார் கண்ணாடியைக்கூட இறக்கினதில்ல மாமா" என்றேன்.