தொண்ணூறு சைஸ்

பத்து வருடமாகப் பனியன் கம்பெனியின் செக்கிங் டேபிளில் நின்ற சாரதாமணியை விட்டுவிட்டு, நேற்று வந்த அமராவதியை சூப்பர்வைசர் ஆக்கினார் முதலாளி பழனிமுத்து. எண்பத்தெட்டாம் வருடம் அது. அன்றிலிருந்து அமராவதி காதில் செருகியிருந்த பென்சில்கூடச் சாரதாமணியின் கண்ணை உறுத்தியது.

தைத்து வரும் பண்டில்களை நம்பர் வரிசைப்படிதான் ஆளுக்கொன்றாகக் கொடுக்க வேண்டும். அதே டேபிளில் நின்ற மருதாளின் முறைக்குக் குழந்தைச் சட்டை வந்தால் மட்டும் அமராவதி அதை ஒதுக்கிவிட்டுப் பெரியவர்கள் பனியனைத் தள்ளினாள்.

"அம்மணிக்குச் சலுகையப் பாத்தியா?" என்றாள் சாரதாமணி.

"உங்களுக்கு ஏனுங்க்கா எரியுது?" என்றாள் பக்கத்தில் நின்ற வேலாத்தாள்.

சாரதாமணி நேராக முதலாளியிடம் போனாள். "நம்பர் மாத்திக் குடுக்கறாங்க. சரக்குக் கலந்துபோயிருமுங்க."

"நாளைக்கு வந்து பாக்கறேன். நெசம்னா சூப்பர்வைசர் வேலைய நீயே பாரு."

மறுநாள் காலை அவர் வந்து நின்றார். மருதாளின் முறைக்குக் குழந்தைச் சட்டை. அமராவதியின் கை நகர்ந்தது.

"வரிசைப்படி, கண்ணு" என்றார்.

மருதாள் கட்டை அவிழ்த்தாள். உள்ளங்கை அகலச் சட்டை ஒன்றின் கைக்குள் இரண்டு விரலை விட்டாள். பிறகு அசையவில்லை.

போன மாதம் அவள் குழந்தை செத்ததற்குச் சாரதாமணியும் போய் அழுதுவிட்டுத்தான் வந்தாள். இந்தப் பண்டிலோடு அதைச் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. அமராவதிக்குத் தோன்றியிருக்கிறது.

சாரதாமணியின் புருஷன் கன்னையன் செத்து மூன்று வருடம். பதினாறாம் நாள் காரியம் முடித்து வேலைக்குத் திரும்பிய அன்று அவளுக்கு விழுந்தது தொண்ணூறு சைஸ் பனியன். அவன் போடுகிற சைஸ். நாள் முழுக்க அந்தக் கழுத்துகளை விரித்து விரித்துப் பார்த்தாள். ஒருவரும் மாற்றிக் கொடுக்கவில்லை. இப்போது நெஞ்சில் எரிந்தது வேலைக்காக அல்ல. மருதாளுக்குக் கிடைத்தது தனக்குக் கிடைக்கவில்லையே என்றுதான்.

நகர்ந்துபோய் அந்தப் பண்டிலைத் தன் பக்கம் இழுத்தாள்.

"இது என்ற முறைங்க."

"நேத்து நீதானம்மா வந்து சொன்ன?"

"நாந்தான் தப்பா எண்ணிட்டனுங்க."

முதலாளி உச்சுக்கொட்டிவிட்டுப் போனார். அந்த வேலையும் அவரோடு போனது.

அமராவதி பக்கத்தில் வந்தாள். "அக்கா, உங்களுக்கு எதாச்சும் மாத்தோணுங்களா?"

பென்சில் அப்போதும் கண்ணை உறுத்தத்தான் செய்தது. சாரதாமணி தலை நிமிரவில்லை.

"தொண்ணூறு வேண்டாங் கண்ணு."

அமராவதி காதிலிருந்து பென்சிலை எடுத்துக் குறித்துக்கொண்டாள்.