பஸ்ஸில் தங்கியவள்

பேச ஆரம்பித்தால் முற்றுப்புள்ளியே வைக்கமாட்டாள் என்பதால் கல்லூரியில் அவளுக்குக் கமா என்று பெயர். வகுப்பில் பேர் வாசிக்கும்போது மேடமே ஒருமுறை வாய்தவறி அப்படித்தான் கூப்பிட்டார். அவளுக்கு அதில் வருத்தம் ஒன்றுமில்லை. செல்லப்பெயர் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

வெளிநாட்டுச் சுற்றுலாவுக்கு வந்த மறுநாள் காலை, ஓட்டல் மாடிப்படியில் திரும்பித் திரும்பித் தோழி நெட்டையிடம் எதையோ சொல்லிக்கொண்டே இறங்கியவள், இன்னும் ஒரு படி பாக்கி இருப்பதைக் கவனிக்கவில்லை. கணுக்கால் மடங்கியது. மேடம் ஐஸ் வைத்து, பேண்டேஜ் துணியை இறுக்கிச் சுற்றிக் கட்டினார்.

"ரூம்லயே படுத்திருக்கியா?"

"தனியாவா? ஐயோ மேடம், என்னால முடியாது. பஸ்லயே வர்றேன். ஜன்னல் வழியா பாத்துக்கறேன்."

நெட்டைதான் அவளைக் கைத்தாங்கலாக ஏற்றி முன் இருக்கையில் உட்கார வைத்தாள். விடுதியில் முதலாண்டு முதல் இருவருக்கும் ஒரே அறை. நெட்டை ஆறடிக்குக் கொஞ்சம்தான் குறைவு. அவள் தலையைப் பார்த்துத்தான் மற்றவர்கள் கூட்டத்தில் வழி கண்டுபிடிப்பார்கள்.

"நானும் கூட இருக்கட்டுமா?" என்றாள் நெட்டை.

"போடி. இவ்வளவு தூரம் வந்துட்டு என் மூஞ்சியைப் பாத்துட்டு உக்காரப்போறியா?"

நெட்டை சிரித்தாள். இன்னொரு தடவை கேட்பாள் என்று கமா எதிர்பார்த்தாள். அவள் கேட்காமல் இறங்கிவிட்டாள்.

எல்லாருடைய கழுத்திலும் தீப்பெட்டி அளவில் ஒரு கருவி தொங்கியது. டூர் மேனேஜர் தன் மைக்கில் பேசுவது அதன் வழியாகக் காதுக்கு வரும். அவரைப் பிள்ளைகள் மைக் மாமா என்றார்கள். குன்றின் அடிவாரத்தில் பஸ் நின்றது. கோட்டைக்கு அங்கிருந்து நடைதான். கூட்டம் கண்ணிலிருந்து மறைந்த பிறகும் மைக் மாமாவின் குரல் அவள் காதில் நடந்துகொண்டிருந்தது.

"இந்தச் சுவத்தைத் தொட்டுப் பாருங்க. ரெண்டு ஆள் அகலத்துக்குக் கல்லு. யாருப்பா அது மேல ஏறுறது, எறங்கு! இப்போ வலது கை பக்கம் திரும்பினா..."

அத்தோடு கரகரப்பு. பிறகு அதுவும் இல்லை.

ஜன்னல் வழியாகத் தெரிந்தது கோட்டை அல்ல. வரிசையாக நின்ற பஸ்களின் முதுகுகளும், ஏதோ சாப்பாட்டுக்கடையின் பின்வாசலும், அங்கே அடுக்கியிருந்த காலி முட்டை அட்டைகளும்தான். ஏப்ரன் கட்டிய ஒருவன் வெளியே வந்து ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டிவிட்டு உள்ளே போனான்.

டிரைவருக்குத் தமிழும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. அதற்காகக் கமா விட்டுவிடவில்லை.

"அண்ணா, உங்களுக்குக் குழந்தைங்க இருக்காங்களா? எனக்கு ஒரு தம்பி. சரியான வாலு. நான் கிளம்பும்போது என் பெட்டிக்குள்ள அவன் கிரிக்கெட் பந்தை வச்சிருக்கான், பாருங்களேன்!"

டிரைவர் தன் மொழியில் நீளமாக ஏதோ சொன்னார். அவள் தலையாட்டினாள். அவள் பேசினாள்; அவர் தலையாட்டினார். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அவர் பெரிதாகக் கொட்டாவி விட்டு, தொப்பியை முகத்தின் மேல் கவிழ்த்துக்கொண்டார்.

அம்மாவுக்குப் போன் போட்டாள். அம்மா வேலை பார்க்கும் துணிக்கடையில், பில் போடும் இடத்தைச் சுற்றி ஒரே இரைச்சல். "கண்ணு, ஆளுங்க நிக்கிறாங்க. அப்புறம் பேசறேன், என்ன?" அப்பா எடுக்கவில்லை.

வகுப்பு குரூப்பில் படங்கள் வந்து விழுந்தன. கும்பலாக, குதித்தபடி, நாக்கை நீட்டியபடி. ஒரு படத்தின் ஓரத்தில் நெட்டை மட்டும் மதிலில் கைகளை ஊன்றித் தூரத்தில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். படம் எடுப்பது அவளுக்குத் தெரியவில்லை போலும். அந்த முகத்தைக் கமா பெரிதாக்கிப் பார்த்தாள். தினமும் பக்கத்துக் கட்டிலில் பார்க்கும் முகம்தான். ஆனால் அப்படி இருந்து பார்த்ததில்லை.

மதியம் தாண்டி காதில் மறுபடி கரகரத்தது. வந்துவிட்டார்கள் என்று அவளுக்கு உயிர் வந்தது. மைக் மாமா பேசவில்லை. மைக்கை அணைக்க மறந்து நடந்துகொண்டிருந்தார். செருப்புச் சத்தம், யாரோ இருமியது, பிறகு மேடத்தின் குரல்.

"நாளைக்கு அவளை பஸ்ல விடவேண்டாம், ரூம்லயே இருக்கட்டும். நீ கூட இருக்கியாம்மா?"

செருப்புச் சத்தம் நின்றது.

"இருக்கேன் மேடம்." நெட்டையின் குரல். "ஆனா... வேற யாரையாவது கேளுங்களேன். நாலு வருஷமா நான்தான் கேட்டுக்கிட்டே இருக்கேன். இன்னிக்குத்தான் மண்டைக்குள்ள கொஞ்சம் அமைதியா இருந்துச்சு."

"சேச்சே, நல்ல பொண்ணுடி அவ."

"நல்ல பொண்ணுதான் மேடம். யாரு இல்லேன்னது?"

அதற்குள் கூட்டம் பஸ்ஸுக்கு வந்துவிட்டது. நெட்டை முதலில் ஏறினாள். கையில் அவளுக்காக வாங்கிய ஐஸ்கிரீம் பாதி உருகி விரலில் வழிந்தது.

"போரடிச்சுதாடி?" என்று கேட்டவள், கமாவின் கழுத்தில் தொங்கிய கருவியைப் பார்த்தாள். அதில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நெட்டை திரும்பி மைக் மாமாவின் சட்டையில் குத்தியிருந்த மைக்கைப் பார்த்தாள்.

"கேட்டுச்சா?"

"கடைசியில கொஞ்சம்."

கமா ஐஸ்கிரீமை வாங்கிக்கொண்டாள். ஓட்டல் வரும்வரை இருவரும் பேசவில்லை. பின் இருக்கையிலிருந்து ஒருத்தன், "என்ன, கமாவுக்குத் தொண்டையும் சுளுக்கிடுச்சா?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள்.

அறையில் நெட்டை ஷூவைக் கழற்றிவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது," என்றாள். "ஆனா பொய் சொல்லல."

"தெரியும்," என்றாள் கமா. அதன் பிறகு சொல்ல நாக்கு நுனிவரை ஆயிரம் வந்தது. டிரைவர், தொப்பி, முட்டை அட்டை, அம்மா. அத்தனையையும் விழுங்கிவிட்டு, "மதில்கிட்ட நின்னியே, என்ன பாத்துக்கிட்டிருந்தே?" என்று மட்டும் கேட்டாள்.

நெட்டை காலுறையைச் சுருட்டிச் சுருட்டி விரித்தாள். இப்படி ஒரு இடைவெளியை விட்டுவைப்பது எவ்வளவு கஷ்டம் என்று கமாவுக்கு அன்றுதான் தெரிந்தது.

"ஒண்ணும் பாக்கல. அக்காவை நினைச்சிட்டிருந்தேன். அத்தான் வீட்லேருந்து வந்துட்டா. குழந்தையைத் தூக்கிக்கிட்டு, கட்டின துணியோட."

"எப்போ?"

"இந்த செமஸ்டர் ஆரம்பத்துல."

"என்கிட்ட சொல்லவே இல்லையேடி?"

"சொல்ல வந்தேன்," என்றாள் நெட்டை. "ரெண்டு மூணு தடவை."

கமா அந்த நாட்களை நினைத்துப் பார்த்தாள். அந்த மாலைகளில் தான் சொன்னதெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. நெட்டை எப்போது வாயெடுத்தாள், எந்தப் பேச்சின் நடுவில் மூடிக்கொண்டாள் என்பது மட்டும் எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை.

"இப்போ சொல்லு. நான் ஒண்ணும் பேசமாட்டேன்."

"இப்போ வேண்டாம். பசிக்குது."

நெட்டை கீழே போய் இருவருக்கும் தட்டில் சாப்பாடு எடுத்து வந்தாள். தலையணையில் காலை நீட்டியபடி கமா சாப்பிட்டாள். பக்கத்து அறையில் யாரோ பாட்டுப் போட்டார்கள், கைதட்டல் கேட்டது.

"உப்பே இல்ல," என்றாள் நெட்டை.

"ஆமா," என்றாள் கமா.

அதோடு நிறுத்திக்கொண்டு, அக்கா பேச்சை நெட்டையே எடுக்கட்டும் என்று காத்திருந்தாள். நெட்டை சாப்பிட்டு முடித்தாள். இரண்டு தட்டுகளையும் எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். வெகுநேரம் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.